ஏழு கட்டை

ரேஃபோர்ட் கேட்லினைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்று சொல்வேன். நல்ல தையற்காரனைப் பிடித்து வைத்திருந்தான். பல் வரிசை அழகு. சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையில் நின்றால், அந்த வாத்தியத்தைக் கண்டுபிடித்ததே அவன்தான் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நாலாவது வார்த்தைக்கு அவனிடம் சரக்கு கிடையாது.

கான்சாஸ் சிட்டியில் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பியானோ வாசித்தவள் நான். பெயர் வெர்லீன் மேபரி. அந்த முதுகைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்க முடியாது. பாட்டுக்கு நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் போனால் அவனுக்கு இடது தோள் லேசாக ஏறும். சனம் அதை ஸ்டைல் என்று நினைத்துக் கைதட்டும்.

ஆரம்பத்தில் அது அவன் குழுவே இல்லை, எங்கள் குழு. எல்லாருக்கும் சம பங்கு, எல்லாருக்கும் ஒரு ஓட்டு. எந்த ஊருக்குப் போவது, யாரைச் சேர்ப்பது, யாரைக் கழிப்பது, எல்லாவற்றுக்கும் கை தூக்குவோம். ரேஃபோர்டை முன்னால் நிறுத்தியதும் அப்படித்தான். உயரமாக இருக்கிறான், பாடுகிறான், கொஞ்சம் ஊதுகிறான், நடன அரங்கு வைத்திருக்கும் வெள்ளைக்காரர்களிடம் பல்லைக் காட்டிப் பேசத் தெரிகிறது, நிற்கட்டும் என்று நினைத்தோம். நானும் கை தூக்கினேன். அந்தக் கையில் கட்டி வந்திருக்கலாம்.

எங்களிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எதையும் காகிதத்தில் எழுத மாட்டோம். ஒருவன் ஒரு துண்டு ஊதுவான், பக்கத்தில் இருப்பவன் அதைப் பிடித்து நீட்டுவான், ஒரு மத்தியானத்தில் ஒரு பாட்டு பிறந்துவிடும். எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். காகிதம் இருந்தால் அடுத்த குழுக்காரன் திருடலாம், மண்டையைத் திருட முடியுமா என்று எங்களுக்குப் பெருமை. இது இன்னார் போட்டது என்று பெயர் வைப்பதும் இல்லை. குழுவில் பிறந்தது குழுவுக்கு. வெளித் திருடனுக்கு இத்தனை பூட்டுப் போட்ட கெட்டிக்காரர்களுக்கு, வேலியே பயிரை மேயும் என்று தோன்றவில்லை.

பயிர் என்றது என் புருஷன் கிளோவிஸ் போட்ட பாட்டு. அவரும் டெனர் சாக்ஸபோன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து, நான் சமையலறையில் காராமணி உரித்துத் தகரச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். அது விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஊதினார். முதல் சுற்று, ஒருவன் கதவுக்கு வெளியே நின்று எதையோ கேட்கிற மாதிரி இருக்கும். இரண்டாம் சுற்றில் உள்ளே இருந்து பதில் வரும். கேட்டு முடித்ததும் எனக்கு அழுகையாக வந்தது. "காராமணின்னே பேரு வச்சிடலாம்" என்று சொல்லிச் சிரித்தார். குழுவுக்கு முதல் சுற்றை மட்டும் கொடுத்தார். "ரெண்டாவது இன்னும் வேகல" என்றார்.

பிறகு சிகாகோவில் ரெக்கார்டு போடக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் கிளோவிஸுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கிவிட்டது. வாயில் வைத்து ஊத வழியில்லை. எங்கள் தர்மப்படி அதற்காகப் பாட்டு நிற்கக் கூடாது. விடுதி அறையில் ரேஃபோர்டை உட்காரவைத்து அவரே சொல்லிக் கொடுத்தார். இந்த விரல் இங்கே, அந்த விரல் அங்கே, இங்கே மூச்சு விடு. குழந்தையின் கையைப் பிடித்து அரிச்சுவடி எழுதவைப்பது மாதிரி. ஏன் அந்த விரல் அங்கே போகிறது என்று ரேஃபோர்ட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் மதித்திருப்பேன்.

ரெக்கார்டு வந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் எங்கள் குழுப் பெயரைக் காணோம். 'ரேஃபோர்ட் கேட்லினும் அவரது இசைக்குழுவும்' என்று இருந்தது. காராமணிக்கு 'ரேஃபோர்டின் ராஜநடை' என்று புதுப் பெயர், பாட்டின் தொடக்கத்தில் அவன் பாடிய நாலு வரி.

விலா எலும்புக் கறி சுட்டு விற்கிற ஓபல் அக்காவின் கடையில் கிராமபோனில் முதல்முறை கேட்டோம். கடை முழுக்க ஆரவாரம். கிளோவிஸ் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வெர்லீன், நாம ஆறரைக் கட்டை சுருதியிலதானே வாசிச்சோம்?"

"ஆமா."

"இது ஏழா இருக்கே. பதிவு பண்ற அன்னைக்கு மெஷின் மெதுவா சுத்தியிருக்கு. இப்ப சரியான வேகத்துல சுத்துறப்போ எல்லாமே அரைக் கட்டை ஏறிப்போச்சு."

அந்தப் பக்கம் ரேஃபோர்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். "என் குரலைக் கேட்டீங்களா? பத்து வயசு குறைஞ்ச மாதிரி இல்ல? மைக்குக்கு என்னை ரொம்பப் பிடிக்குது!"

கிளோவிஸ் அவனிடம் ஒரே ஒன்றுதான் கேட்டார். ஆட்டத்தில் அந்தப் பாட்டு வரும்போது, தனி வாசிப்பு கிளோவிஸ் போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். எல்லாரும் இருக்கும்போதுதான் கேட்டார்.

"ரெக்கார்டுல இருக்கறது யாரு மூச்சு கிளோவிஸ்?" என்றான் ரேஃபோர்ட். "உன் பல்லு வலிக்கு நான் சிலை வைக்கணுமா?"

கூட்டம் போட்டோம். ஓட்டு என்றோம். அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"தாராளமா கை தூக்குங்கப்பா. ரெண்டு கையையும் தூக்குங்க. அரங்குக்காரனுக்குத் தெரிஞ்ச பேரு என்னுது. உங்க கைக்கெல்லாம் பேரு இருக்கா?"

பாதிப் பேர் கிளோவிஸோடு வெளியேறித் தனிக் குழு கட்டினார்கள். அதிலும் நிம்மதி இல்லை. போகிற இடமெல்லாம் காராமணியை ஊதினால், "அட, ரேஃபோர்ட் மாதிரியே ஊதுறீங்களே!" என்று பாராட்டினார்கள். தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவனிடம், யார் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்தாய் என்று கேட்டால் எப்படி இருக்கும்? அவர் அந்தப் பாட்டை விட்டார். அப்புறம் தனி வாசிப்பையே விட்டார். பகலில் இறைச்சி ஆலையில் வேலை, சனிக்கிழமை தன் குழுவிலேயே வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குப் பின்னொலி. வீட்டில் வாத்தியப் பெட்டியைத் திறப்பதே இல்லை. அவரை மறுபடி எழுந்து நின்று ஊதவைக்க வேண்டும், அது அவருடையது என்று இந்த ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அப்படியானால் நீ ஏன் அந்தத் திருடனிடமே வாசித்தாய் என்று எங்கள் சர்ச்சில் கேட்காதவர்கள் இல்லை. இரண்டு பேரும் பட்டினி கிடந்தால் நியாயம் நடந்துவிடுமா? தவிர, அவன் என்றைக்காவது விழுவான், விழும்போது கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். பியானோ மேடையிலேயே இருக்கிறது.

ரெக்கார்டுக்குப் பிறகு எல்லாரும் அவனை 'ஐயா' என்று கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. போனவர்களுக்குப் பதிலாகச் சிகாகோவிலிருந்து காகிதம் பார்த்து வாசிக்கிற ஆட்களைக் கொண்டுவந்தான். அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவும், ஒத்திகை பார்க்கவும் ஆல்டன் என்று ஒருவன். நல்ல படிப்பு, நல்ல காது, பயந்த சுபாவம். ரேஃபோர்ட் ஒத்திகைக்கே வருவதில்லை. அவனுக்குத் தையற்காரன் வீட்டுக்குப் போகத்தான் நேரம் சரியாக இருந்தது.

அவர்கள் வந்த வருஷம் செப்டம்பரில், எங்கள் நாட்டுத் தொழிலாளர் தினத்து மத்தியானம், எங்கள் ஊர் வாத்தியக்காரர் சங்கத்தின் வருஷாந்தர ஆட்டப் போட்டி. ரேஃபோர்டின் புதுக் குழு முதல்முறை ஊரார்முன் ஏறுகிற நாளும் அதுதான். எதிர் மேடையில் கிளோவிஸின் குழு.

ஒத்திகையில் ஆல்டன் 'ராஜநடை'க் காகிதத்தைக் கொடுத்தான். பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

"தம்பி, இதை எதைக் கேட்டு எழுதினே?"

"ரெக்கார்டைக் கேட்டுத்தாங்க்கா. ஒரு மயிரிழை மாறக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரு."

"ரெக்கார்டு அரைக் கட்டை ஏறிக் கிடக்குப்பா. நாங்க வாசிச்சது ஆறரை. ஐயாவோட விரல் ஆறரையிலதான் பழகியிருக்கு."

டெனர் சாக்ஸபோனில் ஆறரைக் கட்டை என்பது பெருக்கிவிட்ட தெரு. ஏழு முள்வேலி, விரலுக்கு விரல் சிக்கும். பாட்டைப் புரிந்துவைத்திருப்பவன் தாண்டிவிடுவான். விரலை மட்டும் மனப்பாடம் செய்தவன் தொங்குவான்.

"நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா சிகாகோவுக்கு ரயில் ஏத்திடுவாரு."

அவனை எனக்குப் பிடிக்காது என்பதற்காகத் தொழிலில் பொய் செய்ய மாட்டேன். ரேஃபோர்ட் புதுத் தொப்பியோடு எட்டிப் பார்த்தபோது எழுந்துபோய்ச் சொன்னேன். "ஐயா, ராஜநடையை ஏழு கட்டையில எழுதியிருக்கு. ஒரு தடவை ஊதிப் பாத்துடுங்க. இல்லேன்னா பழைய கட்டைக்கு மாத்தி எழுதச் சொல்லுங்க."

அவன் புது ஆட்கள் பக்கம் திரும்பிச் சிரித்தான். "கேட்டீங்களா? ஊரெல்லாம் வாங்கிக் கேக்குற ரெக்கார்டு தப்பாம். மேபரி வீட்டம்மா சரியாம்."

"ரெக்கார்டு தப்புன்னு சொல்லல. மெஷின் -"

"இந்தாம்மா. பியானோக்காரிக்கு வாயில ஒரே ஒரு கேள்விதான் இருக்கணும். 'எத்தனை கட்டைங்க, ஐயா?' அவ்வளவுதான். கேட்டுட்டு வாசி. மத்ததையெல்லாம் வீட்டுல போய் உன் புருஷன்கிட்ட பேசு. அவனுக்குத்தான் பொழுது போகலையே."

புது ஆட்கள் சிரித்தார்கள். ஆல்டன் தரையைப் பார்த்தான். சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனிமேல் அவன் பாடு. நான் உட்கார்ந்து ஏழு கட்டையில் வாசித்தேன்.

போட்டி நாளில் அரங்கின் எல்லா சன்னலும் திறந்திருந்தும் வெந்தது. பெண்கள் எல்லார் கையிலும் சவ அடக்கக் கடைக்காரர் விளம்பரத்துக்கு இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறி. ஓபல் அக்கா வாசலில் எலும்பு சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். கிளோவிஸ் வாத்தியப் பெட்டியோடு படியேறும்போது ரேஃபோர்ட் வழியை அடைத்துக்கொண்டு நின்றான். உடம்பெல்லாம் வெள்ளை வெளேர் என்று கோட்டு சூட்டு.

"என்னப்பா கிளோவிஸ், உன் பொண்டாட்டி என் மேடையில. உன் பாட்டு என் வாயில. உனக்குன்னு என்னதான் மிச்சம் வச்சிருக்கே?"

கிளோவிஸ் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

எங்கள் போட்டியில் ஒரு சட்டம் உண்டு. ஆடுகிற கால் நிற்கக் கூடாது. ஒரு மேடை பாட்டு நடுவில் தடுக்கினால், எதிர் மேடைக்காரன் அதே இடத்தில், அதே கட்டையில், தாளம் தவறாமல் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவனுக்கு விழுந்தவன் பதில் வாசித்தாக வேண்டும். வாசிக்காவிட்டால் அடுத்த போட்டிவரை ஊரில் தலை காட்ட முடியாது.

முதலில் இரண்டு மேடையும் மாறி மாறி வாசித்தோம். எங்கள் காகிதக் குழு கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி சுத்தமாக வாசித்தது. கிளோவிஸின் ஆட்கள் வியர்க்க விறுவிறுக்க வாசித்தார்கள். கடைசி நாற்காலியில் அவர் குனிந்தபடி இருந்தார். சனம் ரெண்டு பக்கமும் சாயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ரேஃபோர்டுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடித்தான்.

"என் பாட்டு வேணுமா? ராஜநடை வேணுமா?"

வேண்டும் என்று கூரை அதிர்ந்தது. என் பக்கம் திரும்பாமலே விரலைச் சொடுக்கினான். நான் ஏழு கட்டையில் முன்வாசிப்பைக் கொடுத்தேன்.

பாட ஆரம்பித்தான். மூன்றாவது வரியில் குரல் மேலே ஏறும். ரெக்கார்டில் அந்த இடத்தில் பத்து வயசு குறைந்திருந்தான். இங்கே இருபது கூடிவிட்டது. கீச்சென்றது. கைக்குட்டையால் வாயைத் துடைக்கிற சாக்கில் என் பக்கம் குனிந்தான்.

"ஏண்டி கட்டையைத் தூக்கிட்டே?"

"காகிதத்துல இருக்கறதுதாங்க, ஐயா."

அதற்குள் தனி வாசிப்பு வந்துவிட்டது. வாத்தியத்தைத் தூக்கினான். முதல் நாலைந்து சுரம் பழைய கட்டையிலேயே வந்தது. பின்னால் பதின்மூன்று பேர் ஏழில், அவன் மட்டும் ஆறரையில். பல்லைக் கூசவைக்கிற சத்தம். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி காதைப் பொத்தினாள். அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், விரலை மேலே நகர்த்தத் தேடினான். இது இல்லை, அது இல்லை. இடது தோள் ஏறியது. இந்த முறை யாரும் கைதட்டவில்லை. நிறுத்திவிட்டு, வாய்க்கட்டையைக் கழற்றி அதிலிருந்த நாணல் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

நான் நிறுத்தவில்லை. இடது கை ஏழு கட்டையிலேயே நடந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கி, ஆடுகிறவர்களின் தலைக்கு மேலே, எதிர் மேடையின் கடைசி நாற்காலியைப் பார்த்தேன். 'எடு' என்று மனசுக்குள் கத்தினேன். வெளியேயும் கத்தினேனோ என்னவோ.

கிளோவிஸின் ஆட்கள் அவர் பக்கம் திரும்பினார்கள். "எடு அண்ணே! சும்மா கிடக்குது, எடு!" அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் அந்தச் சுற்றை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, காராமணி தகரச் சட்டியில் விழுகிற மாதிரி வலது கையில் நாலு சுரம் உதிர்த்தேன். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். கிளோவிஸ் எழுந்தார்.

ஏழு கட்டையில் அவர் அதை ஒருநாளும் ஊதியதில்லை. யோசிக்கக்கூட இல்லை. தன் வீட்டுக்குள் இருட்டில் நடக்கிறவனுக்கு விளக்கு எதற்கு? முதல் சுற்று முழுசும், ஒரு சிக்கல் இல்லாமல், எல்லா முள்ளையும் தாண்டி வந்தது. எனக்குக் கண் மறைத்தது.

சுற்று முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒருவன் கூவினான். "அப்படியே ரேஃபோர்ட்! ரெக்கார்டு மாதிரியே இருக்கு!"

அந்தப் பாவியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ரேஃபோர்ட் அதைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டான். மைக்கில் வாய்விட்டுச் சிரித்தான்.

"நம்ம கிளோவிஸுக்கு ஒரு கைதட்டு குடுங்க! என் சிஷ்யன்தான்! ஒவ்வொரு விரலா புடிச்சு நான் சொல்லிக் குடுத்தது!"

சனம் தட்டியது. கிளோவிஸ் உதட்டிலிருந்து வாத்தியத்தை எடுத்தார், உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ரேஃபோர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார், நன்றாக ஒரு மூச்சு இழுத்தார், இரண்டாம் சுற்றை ஊதினார்.

வேகவில்லை என்று சொன்னாரே, அது. அத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ, எப்போது வேகவைத்தாரோ. ஆலையில் மாட்டுத் தொடை அறுக்கும்போதா, நான் தூங்கின பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போதா? முதல் சுற்றில் கதவுக்கு வெளியே நின்று கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. முதலில் ஆட்டம் தளர்ந்தது, அப்புறம் நின்றே விட்டது. ஆடுகிற கால் நிற்கக் கூடாது என்ற சட்டம் யாருக்கும் ஞாபகம் இல்லை. விசிறிகள் நின்றன. வாசலில் ஓபல் அக்கா இடுக்கியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்து நின்றுவிட்டாள். ஆல்டன் தன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் இல்லை, எங்கேயும் இல்லை.

முடித்துவிட்டு அவர் உட்கார்ந்தார். கைதட்டல் வர நேரமாயிற்று. வந்தபோது என் நாற்காலி ஆடியது. அந்தச் சத்தத்துக்கு மேலே ஓபல் அக்காவின் குரல் ஏறியது. அவள் குரலுக்கு மைக் வேண்டாம்.

"ரேஃபோர்ட் ராசா! முதல் பாதியை நீதானே சொல்லிக் குடுத்தே? ரெண்டாம் பாதியையும் நீயே ஊதிக் காட்டு, கேப்போம்!"

"பதில்! பதில்!" என்று கூட்டம் காலால் தரையை இடித்தது. கிளோவிஸின் ஆட்கள் இடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எங்கள் மேடையில் சிகாகோக்காரர்கள் வாத்தியங்களை மடியில் கிடத்திவிட்டார்கள். வாசிக்க அவர்களுக்குக் காகிதம் இல்லை.

ரேஃபோர்டின் வெள்ளைச் சூட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. இடது தோள் காதுவரை ஏறிக் கிடந்தது. அவன் மெல்லத் திரும்பினான். அத்தனை வருஷத்தில் ஆட்டத்தின் நடுவில் அவன் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. உதட்டில் சிரிப்பு அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது, கண்ணில் இல்லை.

"வெர்லீன்," என்றான். கெஞ்சுகிற குரல். "முன்வாசிப்பு குடும்மா."

மைக் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. நான் விரல்களைக் கட்டைகள்மேல் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அரங்கு முழுக்கக் கேட்கும்படி, எனக்கு அனுமதி இருந்த அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"எத்தனை கட்டைங்க, ஐயா?"